ஒன்பது குதிரைப் படத்தின் வெயில்

பபேடானில் இருபத்தெட்டாம் தெரு, நடு பிளாக், ஐந்தாவது மாடியில் ரெங்கசாமி குடியிருந்த அறையில், ஒரு மழைக்காலத்தில் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஈரம் வற்றிப்போகும். சரியாக ஐம்பத்தெட்டு நிமிஷம் அப்படி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மழை ஓட்டைக் குழாயாகக் கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஜாடியில் கட்டிதட்டிக் கிடந்த உப்பு பொலபொலவென்று உதிரும், தீக்குச்சி ஒரே உரசலில் பற்றும், கொடியில் போட்ட கைலி இருபது நிமிஷத்தில் மொடமொடவென்று காயும். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் ஈரம் திரும்பி வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அறையைக் கூட்டினால் ஒரு பால் டின் அளவுக்குத் தூசி கிடைக்கும். சாம்பல் நிறத் தூசி. அந்தச் சீமை மண் செம்மண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று ரெங்கசாமி சொல்வார். ஆனால் சுவரில் ஓடிய படம் கறுப்பு வெள்ளை, அதனால் தூசியும் அப்படியே வந்தது. பர்மாக்கார வீட்டுக்காரம்மா டோ கின் மியா அதை வாங்கிக்கொண்டு போய் அலுமினியப் பாத்திரம் துலக்கினாள். நன்றாகவே துலங்கியது.

படம் என்றால் பெரிய படம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் யாரோ கைச்செலவைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் எடுத்துமுடித்து, நல்ல படத்துக்கு முன்னால் ஒட்டுப்படமாக ஓட்டிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய குதிரைக்காரப் படம். பெயர் எழுதியிருந்த துண்டு என்றோ தேய்ந்து போய்விட்டது. மொத்தப் படத்திலும் ஒன்பது குதிரைகள்தான் இருந்தன. கொள்ளைக்காரர்கள் வந்தாலும் அதே ஒன்பது, அவர்களைத் துரத்திக்கொண்டு போலீஸ்காரர்கள் வந்தாலும் அதே ஒன்பது. அதனால் ஒன்பது குதிரைப் படம் என்றே பெயராகிவிட்டது. துரத்தலில் ஒரே பாறை நாலு தடவை வரும். மதுக்கடைக் கதவும் பேங்குக் கதவும் ஒரே கதவு. தூரத்து மலை துணியில் வரைந்தது, காற்றடித்தால் அது லேசாக வயிறு உப்பும். ஒரு மெலிந்த மனுஷன் அதில் மூன்று தடவை சாவான்: முதலில் வெறும் முகத்தோடு கூரையிலிருந்து விழுவான், அப்புறம் மீசை ஒட்டிக்கொண்டு கிணற்றடியில் விழுவான், கடைசியில் மூக்குவரை கைக்குட்டை கட்டிக்கொண்டு குதிரையிலிருந்து விழுவான். ரெங்கசாமி அவனுக்கு மூணு சாவுக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்.

ரெங்கசாமி இரண்டு தெரு தள்ளி ஒரு கொட்டகையில் நாற்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டகையை மூடி அந்த இடத்தில் செல்போன் விற்கத் தொடங்கியபோது, வேலையாட்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று முதலாளி சொன்னார். சிலர் மின்விசிறி எடுத்தார்கள், சிலர் நாற்காலி வரிசையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ரெங்கசாமி கையால் சுற்றுகிற பழைய மிஷின் ஒன்றையும், யாரும் திரும்பக் கேட்காமல் மூலையில் கிடந்த இந்தப் படத்தையும் எடுத்துவந்து கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார். ஆறு சுருளையும் ஒட்டி ஒரே பெரிய சுருளாக்கியிருந்தார். வெகுகாலம் அது அங்கேயே கிடந்து காடி நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது.

எதிர் அறைக் காஜா மைதீன் லான்மடாவ் ஆற்றங்கரையில் படகு மூட்டை இறக்குகிறவர். வயது ஐம்பத்தாறு. டெல்டாவிலிருந்து அரிசியும் உளுந்தும் வெங்காயமும் வரும்; த்வாண்டேயிலிருந்து வைக்கோல் சுற்றிய பானைகள் வரும். பானைப் படகு வந்தால் முதுகுக்குக் கொஞ்சம் சலுகை, ஆனால் விரல் நடுங்கக் கூடாது. முப்பத்தெட்டு வருஷமாக அவர் உடம்பு காலையில் கழன்று சாயங்காலம் தானாகவே பூட்டிக்கொண்டு வந்தது. இப்போதெல்லாம் சாயங்காலம் சில திருகாணிகள் கிடைப்பதில்லை. அவர் மனைவி பரீதா சமூசாத் தோல் தேய்த்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். ஒரே மகள் ருக்சார் பினாங்கில் கையுறைக் கம்பெனியில் இருந்தாள்.

பரீதாவுக்கு இழுப்பு. மழை பிறந்தால் அவள் நெஞ்சுக்குள் யாரோ துருப்பிடித்த கதவைத் திறந்து திறந்து மூடுவது போலச் சத்தம் வரும். எதிர் அறை ரெங்கசாமிக்குக்கூடக் கேட்கும். படுக்க முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல இழுத்து எடுப்பாள். ருக்சார் யார் கையிலாவது பம்ப் மருந்து கொடுத்தனுப்புவாள். பட்டாளம் ஆட்சியைப் பிடித்து ஊர் கெட்ட பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள், மருந்தும் குறைந்தது. டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்: காய்ந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மகுவே பக்கம் மழையே இல்லை. மகுவே போகிற பாதை இப்போது போகிற பாதையாக இல்லை. அதிலும் இந்தியர், முஸ்லிம் என்று போட்ட இவர்கள் அடையாள அட்டையோடு பஸ் ஏறினால் நாலு இடத்தில் இறக்கி நிற்கவைப்பார்கள். நின்றுகொண்டிருக்க அவளிடம் மூச்சு வேண்டுமே. ஐந்து வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தது. இந்த மழையைத் தாண்ட மாட்டாள் என்று காஜா மைதீனுக்குத் தெரிந்துவிட்டது. மூட்டையைத் தொட்டுப்பார்த்தே எடை சொல்கிற மனுஷன். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆடி மாதம் ரெங்கசாமி அறைக் கூரை ஒழுகி, கட்டிலுக்கடியில் தண்ணீர் ஓடியது. மிஷினைத் தூக்கி மேசைமேல் வைக்கக் காஜா மைதீனைக் கூப்பிட்டார். வைத்தாயிற்று. கெட்டுப்போகாமல் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஒரு கார் பேட்டரியில் விளக்கை மாட்டி, படத்தைக் கோத்து, கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். கரண்ட் இல்லாத பிற்பகல். சுவரில் வெளிச்சம் விழுந்தது, ஒன்பது குதிரைகள் ஓடின, சுவரிலிருந்து சுள்ளென்று ஒரு காற்று வந்து காஜா மைதீனின் ஈரச் சட்டையை முதுகிலிருந்து உரித்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் அறையில் துருக்கதவுச் சத்தம் நின்றுபோனது. சத்தம் நிற்பதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று அவர் நினைத்தார். ஆனால் சுற்றுவதை விட்டு ஓடவும் ரெங்கசாமி விடவில்லை. அப்போது பரீதா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, இந்தக் காத்து எங்கேருந்து வருது?"

"சுவத்துலேருந்து" என்றார் காஜா மைதீன்.

"அப்ப நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். எதிலும் சாய்ந்துகூட உட்காரவில்லை. படம் முடிகிற வரைக்கும் முதுகு நிமிர்ந்து இருந்தாள்.

அதற்கப்புறம் அது ஒரு வேலையாகிவிட்டது. காஜா மைதீன் காலையில் இரண்டு படகு இறக்கிவிட்டு இரண்டரைக்கு ஐந்து மாடி ஏறி வருவார். மூன்று மணிக்குக் கைப்பிடியைப் பிடிப்பார். மூட்டைக்குத் தோள் என்றால் இதற்கு மணிக்கட்டு. சத்தம் வருகிற பாகம் மிஷினில் இல்லாததால் ரெங்கசாமியே கதை சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆகவே கதை தினம் ஒன்றாக இருந்தது. ஒருநாள் தொப்பிக்காரன் தங்கச்சி கல்யாணத்துக்காகப் பேங்கைக் காப்பாற்றுவான். இன்னொரு நாள் வார்டு ஆபீசில் பெயர் பதியப் போகிறவன் வழிதவறி வந்துவிட்டான் என்பார். பரீதா சிரிப்பாள். சிரித்தும் இருமல் வராதது அந்த அறையில் எல்லோருக்கும் அதிசயமாக இருந்தது. டோ கின் மியா மிளகாயை முறத்தில் பரப்பிக்கொண்டு வந்தாள். நாலாம் மாடிக்காரர்கள் பள்ளிக்கூட யூனிபாரம் கொண்டுவந்தார்கள். யார் எதைக் காயவைத்தாலும் முன்வரிசை பரீதாவுக்கு, கருவாடு மட்டும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தெருவில் இது பெரிய செய்தியாகவில்லை. கரண்ட் வந்தால் "மீ லாபி!" என்று தெருவே ஒரே குரலில் கத்துகிற ஊர், கரண்ட் வந்ததே பெரிய செய்தி.

ஆனால் இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் மூச்சு போதுமா? மிச்ச நேரத்தில் பரீதாவுக்கு முன்னைவிட மோசமானது. ஒரு மணி நேரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி மூழ்குவது கடினம். காஜா மைதீன் படத்தை இரண்டு தடவை ஓட்டினார். பிறகு மூன்று தடவை. ஆவணியில் ஒரு படகை விட்டுவிட்டு நாலு தடவை ஓட்டினார். மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய இடதுகை என்றாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் படத்தில் கோளாறு தெரிந்தது. மூணு சாவுக்காரன் கூரையிலிருந்து விழ நேரமெடுத்தான். சுடுகிறவன் சுட்டுவிட்டுக் காத்திருந்தான். இவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏணிப்படி இறங்குகிறவன் போல மெல்ல விழுந்தான். அடுத்த நாள் கிணற்றடியில் மீசையை ஒட்டிக்கொள்ள மறந்தே வந்துவிட்டான். பாறையை மூன்றாம் தடவை சுற்றி வந்தபோது ஒரு குதிரை நின்று, மற்ற எட்டைப் பார்த்தது. தொப்பிக்காரன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். காற்று மெலிந்து, நடுப்படத்திலேயே பரீதாவின் நெஞ்சுக்கதவு கிறீச்சிட்டது.

ரெங்கசாமி, ஃபிலிம் சுருங்கிவிட்டது, மிஷினின் பல் அதன் ஓட்டையில் பிடிக்கவில்லை என்றார். காஜா மைதீன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மூணு சாவுக்காரனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோள் அவருக்குத் தெரிந்த தோள். மூன்றாவது படகு வந்து நிற்கும்போது கரையில் எல்லோருக்கும் அந்தத் தோள்தான்.

"ஃபிலிம்ல ஒண்ணும் இல்லண்ணே. இவங்க களைச்சுப் போயிட்டாங்க."

"படத்துல இருக்கவனுக்குக் களைப்பா? பாய், ஒமக்கு மூட்டை தூக்கித் தூக்கி மூளை எறங்கிப்போச்சு."

"ஒரு நாளைக்கு மூணு சாவுன்னா பரவால்லண்ணே. நாலு தடவை ஓட்டுனா பன்னெண்டு சாவு. நான் இவங்களக் கேட்டேனா? எம் பொண்டாட்டி, எம் மூச்சுன்னு ஓட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

லான்மடாவ் கரையில் சுமைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் களைத்துவிட்டால், அடுத்த படகுக்கு முன்னால் கங்காணி ஒரு கெட்டில் டீயைக் கொண்டுவந்து படகுப் பலகைமேல் வைப்பான். கெட்டில் காலியாகிற வரைக்கும் ஒருத்தரும் மூட்டையைப் பற்றிப் பேசக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது, ராட்டினம் ஒரு சுற்றும் சுற்றக் கூடாது. யாராவது தொட்டால் மொத்தக் கூட்டத்துக்கும் வெற்றிலை வாங்கித்தர வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வார்கள். ஆட்சிகள் வந்து போயின, அந்த வழக்கத்தை ஒருத்தரும் தொடவில்லை.

மறுநாள் காஜா மைதீன் டீக்கடையிலிருந்து ஒரு கெட்டிலும் ஆறு கோப்பையும் வாங்கிவந்து சுவரடியில் ஒரு பலகை போட்டு வைத்தார். முதல் தடவை வைத்தது பால் இல்லாத சும்மா டீ. டீக்கடையில் அது இலவசம். படத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க குடிப்பீங்களா அதை?" என்று பரீதா மூச்சுக்கு நடுவே கேட்டாள். படம் முடிந்ததும் அவர் இறங்கிப் போய் டப்பிப் பால் தாராளமாக ஊற்றிய டீயாக வாங்கிவந்து, மறுபடி சுற்றினார். கிணற்றடிக் காட்சி வந்ததும், சுடவேண்டியவன் துப்பாக்கியை இடுப்பில் செருகினான். சாகவேண்டியவன் முன்னால் வந்து குந்தினான். தொப்பிக்காரன் குதிரையை விட்டு இறங்கினான். கோப்பைகளில் ஆவி அடங்கி, ஒவ்வொன்றாக மட்டம் இறங்கியது.

அப்போதுதான் காஜா மைதீன் அந்தத் தப்பைச் செய்தார். முப்பத்துமூன்று வருஷப் பழக்கம். கூட்டம் டீ குடிக்கையில் ராட்டினம் சுற்றக் கூடாது. கைப்பிடியை விட்டுவிட்டார்.

"நிறுத்தாதீங்க பாய்! நிறுத்துனா எரிஞ்சிரும்!"

"டீ குடிக்கிறாங்கண்ணே."

"அட படுபாவி, ஃபிலிம் எரியுது! சுத்துய்யா!"

"கெட்டில் காலியாகட்டும்" என்று காஜா மைதீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விளக்குக்கு முன்னால் அசையாமல் நின்ற படத்துண்டு நடுவில் பழுத்து, குமிழ்விட்டு, விரிந்தது. ரெங்கசாமி பாய்ந்து விளக்கை அணைத்தார். சுவரில் படம் மறைந்தது. ஓட்டை மறையவில்லை. கிணற்றுக்கு வலப்பக்கம், ஆள் உயரத்துக்கு, ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் போல, அது சுவரில் நின்றது. அதன் வழியே ஒருத்தரும் கைப்பிடி சுற்றாமல் வெயில் வந்து தரையில் விழுந்தது. அந்தப் பக்கம் டீ குடித்துமுடித்தவர்கள் கோப்பையைப் பலகையில் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள்.

ஓட்டை மூன்று நாள் அப்படியே இருந்தது. அந்த மூன்று நாளும் பரீதா அதற்கு முன்னாலேயே கிடந்தாள், படுத்துத் தூங்கினாள். நான்காம் நாள் காலையில் பார்த்தபோது ஓட்டை ஒரு கைமுழம் குறுகியிருந்தது. வெளியே புரட்டாசி மழை, இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி. பரீதா எழுந்து தன் சமூசாப் பலகையையும் உருளையையும் ஒரு பையில் போட்டாள், தொழுகை விரிப்பைச் சுருட்டினாள்.

"நான் போயிட்டு வரேன்."

"எங்க?"

"எங்கன்னா? இந்தா, சுவத்துக்கு அந்தாண்ட."

"ஒனக்கு அங்க யாரைத் தெரியும் புள்ள? பாஷை தெரியுமா?"

"பினாங்குல ருக்சாருக்கு யாரைத் தெரிஞ்சுது? ஏறிப் போகலியா?"

"அவ சம்பாதிக்கப் போனா."

"நான் மூச்சு விடப் போறேன். அதுவும் ஒரு பொழப்புதான்."

காஜா மைதீன் அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். பிறகு, நானும் வருகிறேன் என்றார். திரும்பி வர இந்தப் பக்கமிருந்து யார் ஓட்டை போடுவது என்று பரீதா கேட்டாள். ரெங்கசாமிக்கு எண்பத்தொன்று, கை நடுக்கத்தில் டீயே பாதி சட்டையில். அவரை நம்பி இரண்டு பேரும் போக முடியாது. ரெங்கசாமி அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு ஒரு கணக்கும் சொன்னார். ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு துண்டு ஓடுகிறது. ஐம்பத்தெட்டு நிமிஷத்துக்கு எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம். போக ஒன்று வர ஒன்று எரித்து, தீய்ந்ததைச் சுற்றி வெட்டி ஒட்டினால் வருஷத்துக்கு இருபது துண்டு போகும். "நாலாயிரம் வருஷத்துக்குக் கவலை இல்ல பாய். அதுக்குள்ள தங்கச்சிக்குக் கொணமாயிரும்."

போகிற நேரத்தில் பரீதா ஒன்றே ஒன்று கேட்டாள், தொழுகைக்கு அங்கே கிப்லா எந்தப் பக்கம். மூவரும் ஓட்டை வழியே பார்த்தார்கள். பாறையின் நிழல் ஒரு காட்சியில் இடமாகவும் அடுத்ததில் வலமாகவும் விழுந்தது. காலையிலும் சாயங்காலமும் கிடைத்த நேரத்தில் எடுத்த படம். கடைசியில், துணி மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள், அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றார் காஜா மைதீன். தீய்ந்த ஓரம் சுடாமல் இருக்க அவளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார். தோளுக்கு அவள் ஒரு வெங்காய மூட்டையில் பாதிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் மூணு சாவுக்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றான். பரீதா தரையில் கால் வைத்ததும் அவள் பச்சை முக்காடு சாம்பலானது, கை சாம்பலானது, முகம் சாம்பலானது. கண்ணுக்குக் கீழிருந்த நீலமும் அதோடு போனது. சாயங்காலம் ஓட்டை மூடிக்கொண்டது. சுண்ணாம்பு பூசின சுவர்தான் மிஞ்சியது.

ஊர் கேட்டபோது, வெளியூர் போயிருக்கிறாள் என்று காஜா மைதீன் சொன்னார். பபேடானில் பாதி வீட்டில் யாராவது ஒருத்தர் வெளியூரில்தான் இருந்தார்கள். ஒருத்தரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. சமூசாக் கடைக்காரர் மட்டும், தோல் எப்போது வரும் என்றார். தடிஞ்ஜுத் விளக்குத் திருநாளுக்கு மறுநாள், வானம் வெளுத்த பிறகு, காஜா மைதீன் கிணற்றடிக் காட்சிவரை சுற்றி, கையை விட்டார். பரீதா தயாராகப் பையோடு நின்றிருந்தாள். தூக்கியபோது ஐந்து வீசை கூடியிருந்தாள். அவள் மேல் நிறம் காலிலிருந்து மெல்ல ஏறி, இரண்டாம் நாள்தான் முகத்துக்கு வந்தது. முக்காட்டின் பச்சை மட்டும் திரும்பி வரவில்லை. அங்கே எப்படி என்று கேட்டதற்கு, மனுஷர்கள் பாவம் நல்லவர்கள், சோறு இல்லை, மொச்சை மொச்சையாக வேகவைத்துத் தின்கிறார்கள், சமூசா போட்டுக் கொடுத்தேன், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன் என்றாள். பிறகு, "நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போனீங்க?" என்றாள்.

அடுத்த வருஷம் தண்ணீர்த் திருவிழா முடிந்து முதல் மழை விழுந்ததும் போனாள். அதற்கடுத்த வருஷமும். வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்து, காஜா மைதீன் படத்தை ஓட்டுவார். அதற்குமேல் ஓட்டினால் அங்கே எல்லோரும் வேலைசெய்ய வேண்டும், அது நியாயமில்லை. பலகையில் கெட்டில் வைப்பார். படத்தின் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோனது. பேங்கைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள் சில வாரம் வரவே இல்லை. மூணு சாவுக்காரன் இரண்டு தடவைதான் செத்தான், பிறகு ஒரு தடவை. குதிரைகள் பாறையை ஒரு சுற்றோடு விட்டுவிட்டு நிழலில் நின்றன. பரீதா எங்காவது ஒரு காட்சியில், மதுக்கடை வாசலில் மாவு தேய்த்தபடி, அல்லது துணி உலர்த்தியபடி இருப்பாள். அவர் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. குத்துமதிப்பாக ஒரு திசையைப் பார்த்துத் தலையாட்டுவாள். பெரும்பாலும் தப்பான திசை. அவர் இங்கே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே பதிலுக்குத் தலையாட்டுவார்.

ரெங்கசாமி மூன்றாம் வருஷம் பங்குனியில், வெயில் நாளில், கட்டிலில் படுத்தபடி போய்ச்சேர்ந்தார். அறையையும் மிஷினையும் பாய் பார்த்துக்கொள்ளட்டும் என்று டோ கின் மியாவிடம் சொல்லியிருந்தார். ஒட்டுப் போடக் காஜா மைதீன் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று, ஐந்து மாதம் அவருக்கு ஒரு வருஷமாகக் கழிந்தது. கரையில் இப்போது ஒரு படகுதான் முடிகிறது. ருக்சார் போனில், உம்மாவைக் கொடுங்க அத்தா என்பாள். மழை விடுகிற வரைக்கும் உம்மா போன் எடுக்காத இடத்தில் இருக்கிறாள் என்பார். அவளும் பினாங்கில் போன் எடுக்காத இடங்களில் வேலை பார்த்தவள்தான், சரி அத்தா என்பாள்.

இந்த வருஷம் வாசோ மாதப் பௌர்ணமி கழிந்த வெள்ளிக்கிழமை, வீட்டுப் பட்டியல் சரிபார்க்க வார்டு எழுத்தர் ஒருத்தர் நனைந்த செருப்போடு ஐந்து மாடி ஏறி வந்தார். புதிய மனுஷன், நேர்மையானவர் என்று கேள்வி. பட்டியலில் இரண்டு பெயர், வீட்டில் ஒரு ஆள். மனைவி எங்கே, எந்த ஊர், எந்த வாகனத்தில் போனாள், சீட்டு எங்கே என்று வரிசையாகக் கேட்டார். சரியான பதில் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டியிருக்கும் என்றார். அவருக்கும் அது பிடித்த வேலையாகத் தெரியவில்லை. பெயரை அடித்தால் அவள் திரும்பி வந்து எங்கே இருப்பாள்? காஜா மைதீனுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. எதிர் அறைக்குக் கூட்டிப்போய், ஸயா, உட்காருங்க என்று ஒரு முக்காலியைப் போட்டு, விளக்கை மாட்டிச் சுற்றத் தொடங்கினார்.

எழுத்தர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். வெயில் வந்து அவர் முழங்காலில் விழுந்தது. செருப்பைக் கழற்றிச் சுவரடியில் தள்ளிவைத்தார், குடையை விரித்துப் பக்கத்தில் வைத்தார். பாறை வந்தது, கிணறு வந்தது. துணி மலைக்கு முன்னால் கயிறு கட்டி யாரோ வரிசையாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர், எல்லோரும் ஒரே சாம்பல் நிறம்.

"இதில் உன் மனைவி யார், ஊ காஜா?"

"அந்தா ஸயா, தலையில முக்காடு. வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுறா பாருங்க, அவதான்."

எழுத்தர் முன்னால் குனிந்து பார்த்தார். உண்மைதான், அவள் வாயை மூடிக்கொண்டு, ஒரு ஈரச் சட்டையை உதறிப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து உதறினாள். தோள் ஏறி இறங்கவில்லை. கயிறு தீர்ந்ததும் இடுப்பில் கைவைத்து நின்று, கொஞ்சம் தள்ளி யாரையோ பார்த்துத் தலையாட்டினாள். காஜா மைதீனும் ஆட்டினார். எழுத்தர் பேனாவை எடுத்து, எப்போது வருவாள் என்று கேட்டார்.

"மழை விட்டதும்."

வெளியூர், தடிஞ்ஜுத் வரை என்று எழுதிக்கொண்டார். பெயரை அடிக்கவில்லை. கீழே இன்னும் இரண்டு மாடி பாக்கி இருந்தது. இருந்தாலும் செருப்பு காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.